ஓட்டுக்கு முன்னே – 7: “யாரு சார் பாக்கணும்?”

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே பால் வெட்டு தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். பழைய வெட்டை ஒட்டியே பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல். பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டும். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு நின்றால் பால் வராது. ஆளுக்கு ஏறக்குறைய 300 மரம். வெயில் ஏறியதும் அதே மரங்களை மறுபடி சுற்றிவந்து பாலைச் சேர்க்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வெட்டு போச்சு.

பாலை அளந்து ஊற்றிவிட்டு வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “கூலியைக் கூட்டணும்னு எம்.எல்.ஏ.கிட்டயும் சொல்றோம், எம்.பி.கிட்டயும் சொல்றோம். ரெண்டு பேரும் பாக்குறோம்னுதான் சொல்றாங்க. யாரு சார் பாக்கணும்?”

கூலி என்றால், அம்மா, சென்னைதான். நீங்கள் வேலை செய்யும் அரசு ரப்பர் கழகம் தமிழக அரசு 1984-ல் தொடங்கிய நிறுவனம். வனத்துறையின் கீழ் வருகிறது. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வனத்துறை மானியக் கோரிக்கை மீது விவாதம் நடக்கும். அன்று அமைச்சர் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் ரப்பர் கழகத்துக்கென்று தனிப்பகுதி இருக்கும். கூலி, குடியிருப்பு, ஓய்வுபெற்றவர்களின் பாக்கி எல்லாவற்றையும் எழுந்து கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. கேட்க வேண்டியவர், கீரிப்பாறை இருக்கும் தோவாளை தாலுகா அடங்கிய கன்னியாகுமரி தொகுதியின் எம்.எல்.ஏ.

ரப்பரின் விலை வேறு கதை. வெளிநாட்டு ரப்பருக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்பதை டெல்லி முடிவு செய்கிறது. இயற்கை ரப்பருக்கு 2015 முதல் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கலவை ரப்பர் என்ற பெயரில் வந்த சரக்குக்கு 10 சதவீதம்தான் இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அதையும் இதற்குச் சமமாக்கினார்கள். அத்தனை ஆண்டுகள் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியத்துக்கு மக்களவை தன் உறுப்பினர்களிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. விலை விழுந்தால் கழகத்தின் வருமானம் விழும். அப்புறம் கூலிப் பேச்சுவார்த்தையில் நஷ்டக் கணக்குதான் முதலில் வந்து உட்காரும். அதனால் எம்.பி.யையும் விட்டுவிட முடியாது.

காடு இருவருக்கும் பொது. 1976-ல் 42-வது திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க 1980-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

அந்தச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள். மக்களவையில் ஜூலை 26, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 2. இரண்டு இடத்திலும் குரல் வாக்கெடுப்பு. “ஆம்” என்போர் குரல், “இல்லை” என்போர் குரல், அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று ஏட்டில் பெயர் ஏறாது. காட்டோரம் குடியிருக்கும் ஊருக்கு இதைவிட முக்கியமான சட்டம் எது? தன் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று அந்த ஊர் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இது சரியல்ல என்பதை இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பெயர் ஏறினாலும் முழுக்கதை தெரியாது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே வாக்களிப்பதற்கு முன் அவர் செய்ததைப் பாருங்கள்: கேட்ட கேள்வி, கொடுத்த திருத்தம், விவாதத்தில் பேசிய பேச்சு. எம்.பி.க்களின் கேள்விகள் பதிலோடு நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. எண்ணிக்கையை வைத்து மயங்க வேண்டாம். நூறு கேள்வியில் ரப்பரைப் பற்றி ஒன்றுமில்லை என்றால் கீரிப்பாறைக்கு அதனால் என்ன? ஒன்று கவனிக்க வேண்டும்: அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்பவர் அவர், அவரை வேறு கணக்கில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று இந்த ஊரில் கேட்க மாட்டார்கள். இந்தத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களில் பலர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். அங்கே 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர்கள் அவர்கள். மறு ஆண்டே அந்த நாடாளுமன்றம் அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1949-ல் அவர்களின் ஓட்டுரிமையும் போயிற்று. அப்போது அவையில் எழுந்து எதிர்த்த இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் பெயரை மலையகம் இன்றும் சொல்கிறது. அவையில் விழும் ஓட்டு எத்தனை லட்சம் பேரைக் கப்பலேற்றும் என்பதைப் பட்டு அறிந்த குடும்பங்கள் இவை. நான் பேசிய அம்மாவின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் கும்பிட்டபடி உங்கள் லயத்துக்கு வருவார். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால், எம்.எல்.ஏ.விடம் வனத்துறை மானியக் கோரிக்கை நாளில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். எம்.பி.யிடம் ரப்பர் இறக்குமதி பற்றிக் கேட்ட ஒரு கேள்வியைத் தேதியோடு சொல்லச் சொல்லுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்; வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளையிடம் கொடுத்துச் சரிபார்த்துவிட்டுப் பிறகு ஓட்டுப் போடுங்கள்.