உங்களுக்குத் தெரியுமா?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் கொட்டாரத்தைக் கடந்து ஓடும் பழைய லாரியோ டிராக்டரோ, எஞ்சின் முழுவதையும் பிரித்துப் புதுப்பித்த பின்னரும் ஹெட் கேஸ்கெட்டை மீண்டும் மீண்டும் எரித்துவிடுமாயின், அதன் காரணம் பெரும்பாலும் கேஸ்கெட்டில் இருப்பதில்லை. விற்ற கடைக்காரரை நிந்திப்பது சுலபம். ஆயினும் கழற்றிய கேஸ்கெட்டே முதற் சாட்சியாதலால், அதைக் குப்பையில் எறியுமுன், கருகிய இடம் எதுவென நோக்குதல் அவசியம். இரு சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட பாகமே ஒவ்வொரு தடவையும் கருகுமானால், ஹெட்டின் மீதும் பிளாக்கின் மீதும் நேரான உருக்குச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். ஹெட்டை மட்டும் ஃபேசிங் செய்துவிட்டுப் பிளாக்கை மறந்துபோவது சர்வசாதாரணம். தனி லைனர் பொருத்திய டீசல் எஞ்சின்கள் பலவற்றில், லைனரின் விளிம்பு பிளாக்கின் பரப்பினும் மயிரிழையளவு உயர்ந்து, எல்லாச் சிலிண்டர்களிலும் சமமாக நில்லாவிடில், எத்தனை கேஸ்கெட் மாற்றினும் பிரயோஜனமில்லை. ரேடியேட்டரில் உவர்நீர் ஊற்றும் வழக்கமோ, நீர்வழிகளில் உப்புப் படியச் செய்து உஷ்ணத்தை மிகுவிக்கும். இன்னொரு சூட்சுமமும் உண்டு: போல்ட் துவாரத்தின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால், டார்க் ரெஞ்ச் சரியான அளவையே காட்டும், ஹெட்டோ உள்ளபடி அழுந்தியிராது.