700 எம்பி சிடியில் 800 எம்பி கச்சேரி

அம்பத்தூர் வாசகர் ஒருவருக்கு ஒரு சந்தேகம். அப்பா சேர்த்து வைத்த கச்சேரி கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடியோ சிடியாக ரைட் செய்கிறார். உறையில் 700 எம்பி என்று போட்டிருக்கிறது. அவரிடம் உள்ள 80 நிமிட வேவ் ஃபைல்களோ 800 எம்பியைத் தாண்டுகின்றன. சாஃப்ட்வேர் முணுமுணுக்காமல் எழுதிவிட்டதே, எப்படி? எந்த சாஃப்ட்வேர், எந்த டிஸ்க் நல்லது?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதில் பாதி தீர்ந்துவிடும். சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள். ஒவ்வொன்றிலும் 2,352 பைட்டுக்கு இடம் உண்டு. சாதாரண ஃபைல்களுக்கு அதில் 2,048 மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி, பிழை திருத்தும் உபரிக் குறியீடுகளுக்குப் போய்விடும். பாட்டுக்கு அந்த உபரிக் காவல் கிடையாது, முழு இடமும் ஒலிக்கே. ஆக, கூடுதல் 100 எம்பி எங்கிருந்தும் முளைக்கவில்லை, காவலைக் குறைத்ததில் கிடைத்தது.

குறைந்த காவலே போதுமாக இருப்பதுதான் அழகு. ஒலியின் ஒவ்வொரு 24 பைட்டுக்கும், அந்த 2,352 கணக்குக்கு வெளியே, 8 காவல் பைட்டுகளைச் சேர்த்து, அவற்றை அடுத்தடுத்து எழுதாமல், நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களில் (ஃப்ரேம்களில்) சிதறடித்து எழுதுகிறார்கள்.

ஏன் சிதறடிக்க வேண்டும் என்று புரிய, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குக் கல்யாணத்துக்குப் போகும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஒரு வேன் என்றால், வழியில் வானகரத்தில் ஒரு வேன் பஞ்சரானதும் ஒரு குடும்பமே மண்டபத்தில் இருக்காது. அதனால் ஒவ்வொரு வேனிலும் ஒவ்வொரு குடும்பத்திலிருந்து ஒருவரை மட்டும் ஏற்றுகிறோம். இப்போது பஞ்சரானால் வீட்டுக்கு ஒருவர்தான் குறைவார். சித்தப்பா முறைக்கிறார், சித்தி சிரிக்கிறார், மாப்பிள்ளை தலை குனிந்திருக்கிறார். எனில் வராத அத்தை என்ன சொல்லியிருப்பார் என்று மற்றவர்களை வைத்தே அட்சரம் பிசகாமல் கணக்கிட்டுவிடலாம். யார் வரவில்லை என்று மட்டும் தெரிந்தால் நாலு பேர் வரைக்கும் சமாளிக்கலாம். அதையும் தாண்டினால் பிளேயர் முன்பின் ஒலியைப் பார்த்து நடுவை இட்டு நிரப்பும்: அத்தை புடவையில் பக்கத்து வீட்டு மாமி. அதுவும் முடியாதபோதுதான் மௌனம்.

ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளப் பழுதுவரை மாமியே தேவையில்லை, அசல் அத்தையே திரும்பிவிடுவார்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்குக்கு அடிப்படை 1960-ல் கணிதவியலாளர்கள் ரீடும் சாலமனும் எழுதிய கட்டுரை. சோனியும் பிலிப்ஸும் 1980-ல் அதை சிடிக்கான விதிகளில் சேர்த்தன. வீட்டில் எழுதும் சிடி-ஆர் 1988-ல் வந்தது. நம்மூரில் அதை மலிவாக்கிய மோசர் பேயர் நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போனது. போதும்.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். "இந்த டிஸ்க்கில் பாஸ் தூக்கல்" என்பது கதை. திருத்தம் வேலை செய்யும்வரை எல்லா டிஸ்க்கும் ஒரே ஒலிதான், வித்தியாசம் ஆயுளில். மோசமாக எழுதிய டிஸ்க் முதல் நாளே திருத்தும் சக்தியில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். காதுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் திடீரென்று திக்கும். "நூறாண்டு உழைக்கும்" என்ற வாசகத்தையும் சந்தேகமாகவே பார்க்க வேண்டும்: சிடி-ஆருக்கே இன்னும் நாற்பது வயது ஆகவில்லை, அந்த நூறு, டிஸ்க்கைச் சோதனைக்கூட அடுப்பில் சூடாக்கிப் போட்ட கணக்கு. ஆடியோவுக்கென்றே விற்பவை, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக இயங்கும் ரெக்கார்டர்களுக்கானவை. கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைக் கண்டுகொள்ளாது.

சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, டிஸ்க் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் வசதியை. அது இம்ஜ்பர்னிலும் கே3பியிலும் இலவசமாகவே இருக்கிறது. பாட்டு பாட்டாக நிறுத்தி எழுதும் ட்ராக்-அட்-ஒன்ஸில் எழுதினால் பாட்டுக்குப் பாட்டு இரண்டு நொடி இடைவெளி விழும். சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை. ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் அது கத்திரி. எம்பி3-யிலிருந்து ஆடியோ சிடி செய்தால் அளவுதான் ஊதும், தொலைந்த ஒலி திரும்பாது. எழுதும் வேகத்தை உச்சத்தில் வைக்காமல் 16 அல்லது 24 மடங்கில் நிறுத்தலாம்.

எழுதி முடித்ததை ஆவடி வெயிலில் கார் டாஷ்போர்டில் விடக் கூடாது. லேசர் சூடாக்கி எழுதிய சாயத்தை வெயிலும் சூடாக்கும். பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவதும் வேண்டாம். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, பெயர் எழுதும் பக்கம் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே.