கடப்புறத்துப் பெண்

2018 ஆகஸ்ட் நடுவில் கேரளம் மூழ்கிக் கிடந்தபோது, செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் லாரிகளில் வள்ளங்கள் போயின. கடலில் மட்டுமே ஓடிப் பழகிய ஃபைபர் வள்ளங்கள். திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து அரசு உத்தரவுக்குக்கூடக் காத்திராமல் பலர் இரவோடு இரவாகக் கிளம்பியிருந்தார்கள். தெருவுக்குள் வள்ளம் ஓட்டுவது கடலில் ஓட்டுவதைவிடப் பெரிய பாடு. தண்ணீருக்கு அடியில் மதில் எங்கே, கேட் எங்கே என்று தெரியாது. தலைக்கு மேலே மின்கம்பி. இழுப்பு அதிகமான இடத்தில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டுக் கழி ஊன்ற வேண்டும். மதிலில் உரசி அடிப்பாகம் பிளந்த வள்ளங்கள் ஏராளம். அந்த மாநில அரசின் கணக்குப்படி 669 படகுகள் சேர்ந்து சுமார் 65,000 பேரைக் கரை சேர்த்தன. முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார். ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட தொகையை வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தியை யாரும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. "ஆளு வெள்ளத்துல கெடக்கும்போ வள்ளம் வச்சிருக்கவன் போகாம வேற யாரு மக்களே போவா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

நான் குளச்சல் பக்கத்துக் கடப்புறத்தில் பிறந்தவள். 1956 நவம்பர் 1 வரை எங்கள் கரையும் திருவனந்தபுரத்துக் கரையும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. மாநில எல்லை நீரோடியில் வந்து நின்ற பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. எனவே, வெள்ளத்துக்குள் வள்ளம் இறக்கியவர்கள் எங்களுக்கு அந்நியர்கள் இல்லை. அவர்களும் நாங்களும் அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் ஒரே இழவில் உட்கார்ந்து எழுந்திருந்தோம்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். ஊருக்குள் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததைத்தான் நாடு முதலில் பார்த்தது. எங்கள் கண் கடலில் இருந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். லட்சத்தீவையும் தாண்டிச் சுறாவுக்குத் தூண்டில் போடுகிற ஆட்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை, வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்த அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய் ஒதுங்கின. தப்பாதவர்களைத் தேடிய தேடுதல் போதாது என்று கரை முழுக்கக் குமுறல். கடைசியில் சொந்தப் படகில் டீசல் ஊற்றிக்கொண்டு ஊர்க்காரர்களே தேடப் போனார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அந்த 7 ஆண்டும் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று கேட்டார்கள் பெண்கள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. என் வகுப்பில் சில இருக்கைகள் பல வாரம் காலியாகவே கிடந்தன.

இந்த நாட்டின் மீது எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இது என் நாடு என்று உரிமையோடு கேட்கத் தோன்றியதும் அப்போதுதான். வேண்டாதவர்களிடம் யாரும் இப்படிச் சண்டைக்குப் போவதில்லை.

எங்கள் கரை இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தது என்று பிறகு நானே தேடிப் படித்தேன். பள்ளிப் புத்தகத்தில் ஒற்றை வரியாகப் போய்விடுகிற விஷயம், திருவனந்தபுரத்துக் கரையிலுள்ள தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தை ஒட்டிப் போகிறது என்பதால் ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய்க்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அங்கே இருந்தது புனித மகதலேனா மரியாள் கோயில். சுற்றிலும் மீனவக் குடியிருப்புகள். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துச் சொன்னார். ஞாயிறுதோறும் முழந்தாளிட்ட கோயிலையும், குடியிருந்த வீட்டையும், வலை காயப்போட்ட மணலையும் விட்டுக்கொடுத்துவிட்டு அந்த மக்கள் நகர்ந்தார்கள். கோயில் ஆய்வுக்கூடமானது, ஆயர் இல்லம் அலுவலகமானது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து மேலே போனது. அந்தக் கோயிலுக்குள் வேலை பார்த்த இளம் பொறியாளர்களில் ஒருவர் ராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, அப்துல் கலாம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையில் எங்கள் ஊரில் வெடி வெடித்தார்கள். எனக்குத் தும்பாவில் இடம்பெயர்ந்த அந்த வீடுகளின் நினைப்பாகவே இருந்தது. அந்த வெற்றியில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதை நான் யாரிடமும் கூசாமல் சொல்வேன்.

குளச்சலில் இன்னொரு சாட்சி கல்லாக நிற்கிறது. 1741இல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை இங்கேதான் தோற்கடித்தது. அதன் நினைவாக வெற்றித்தூண். இரவில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நிற்க, கப்பலிலிருந்து பார்த்தவர்கள் பெரும்படை என்று மலைத்தார்கள் என்பது கரையில் வழிவழியாகச் சொல்லும் கதை. வரலாற்று ஆசிரியர்கள் அதை ஏற்கிறார்களோ இல்லையோ, சின்னப் பிள்ளைகள் இன்றும் கண் விரியக் கேட்கிறார்கள்.

அதே குளச்சல் பேருந்து நிலையத்தில்தான் 2021 டிசம்பரில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா அழுதுகொண்டு ஒதுங்கிப் போகவில்லை. நிலையத்தின் நடுவில் நின்று, இது என்ன நியாயம் என்று எல்லோரும் கேட்கும்படி சத்தம் போட்டுக் கேட்டார். காணொளி நாடு முழுக்கப் பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். என் அம்மச்சியும் தலையில் சருவத்தோடு மீன் விற்றவர். மார்த்தாண்டம் சந்தையில் அவர் விற்ற சாளையிலும் நெத்திலியிலும்தான் அம்மாவும் மாமாமார்களும் படித்தார்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில், "கடப்புறமா?" என்று ஒருத்தி மூக்கைச் சுருக்கியபோது எனக்குக் கைகொடுத்தது பேருந்து நிலையத்து அம்மாவின் குரல்தான். "ஆமா, கடப்புறம்தான்" என்றேன்.

அப்பாவின் அறிவை எந்தப் பட்டத்தால் அளப்பது? இன்று கையில் ஜிபிஎஸ் இருந்தாலும், பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறை இருக்கும் இடத்தைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் அவர் வலை இறக்குவதில்லை. கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலைமுடியையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டு வருவார். பிறகு பக்கவாட்டில் முட்டம் கலங்கரை விளக்கத்தை இன்னொரு குன்றோடு சேர்த்துப் பார்ப்பார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் கீழே பார். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை, தண்ணீருக்குள் இறங்கும் கயிற்றின் சாய்வே அவருக்குச் சொல்லிவிடும். காற்று வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று கன்னத்தில் பட்டதும் சொல்வார். கடலை இப்படி அறிந்தவர் நிலத்தில் மனு எழுதத் தெரியாதவராக, அலுவலக வாசலில் கைகட்டி நிற்க வேண்டியவராக இருப்பது எனக்குச் சகிக்கவில்லை. எங்கள் தலைமுறை படிக்கத் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிப்பு மட்டுமா, பந்தும் இருக்கிறது. தூத்தூர் பக்கத்து ஊர்களுக்குப் போனால், சாயங்காலம் மணலில் வெறுங்காலோடு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். கால் புதையும் மணலில் ஓடிப் பழகியவனுக்குப் புல்தரை எம்மாத்திரம்! இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்காக ஆடியபோது, நீல உடையில் எங்கள் கரைப் பையன் ஓடுவதைப் பார்த்து என் சித்தப்பா மகன் குதித்த குதியில் கட்டில் கால் உடைந்தது.

இப்போது சித்தப்பா மகனுக்கு வேறு கனவு: கடற்படையிலோ கடலோரக் காவல்படையிலோ சேர வேண்டும். ஒக்கிக்குப் பிறகு சில விஷயங்கள் நகர்ந்திருக்கின்றன. செல்போன் சிக்னல் எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கவும், ஆபத்தென்றால் கரைக்குத் தகவல் அனுப்பவும் இஸ்ரோ உருவாக்கிய கருவிகளைப் படகுகளில் பொருத்துகிறார்கள். தும்பாவில் கொடுத்தது இத்தனை ஆண்டு கழித்து எங்கள் படகுக்கே திரும்பி வருகிறது என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் தகவல் கரைக்கு வந்தால் மட்டும் போதாது, உடனே புறப்பட்டு வர ஆள் வேண்டும். ஆழ்கடலில் எந்தப் பருவத்தில் எந்தத் திக்கில் படகு அடித்துப் போகும் என்று தெரிந்தவர் அந்த ஆளாக இருக்க வேண்டும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு உயிர்கள் போவதும் நிற்க வேண்டும்.

மீனவ இளைஞர்கள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி தருகிறது. சித்தப்பா மகன் அதற்கு விண்ணப்பித்திருக்கிறான். கணக்குப் பாடம் அவனுக்குச் சற்றுத் தகராறு என்பதால் இரவில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் தேறிவிட்டால், அடுத்த புயலில் தேடப் போகும் கப்பலில் எங்கள் கடலின் நீவாடு தெரிந்த ஒருவன் இருப்பான். இன்னும் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அந்தக் கப்பலுக்குள்ளிருந்தே சொல்வான்.