குழாய்ப் பாட்டுக்குப் பின்னால் யார் யார்? எச்.எம்.வி.க்குள் ஒரு ரவுண்டு!

நம் புதுக்கோட்டைக் கரையோரக் கட்டுமாவடியில் விசேஷம் என்றால் பந்தக்கால் ஊன்றிய கையோடு மைக் செட் வந்து இறங்கிவிடும். தென்னை மரத்தில் ஒரு குழாய், கடைத்தெருப் பக்கம் ஒரு குழாய், கடலைப் பார்த்து ஒரு குழாய். முதல் பாட்டு என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வழி விடுவார். பின்னாலேயே டி.எம்.எஸ். முருகனை உருகி அழைப்பார். எல்.ஆர். ஈஸ்வரி மாரியம்மனைக் கூப்பிட்டால் தெருவே எழுந்து உட்காரும். நாலு மைல் தள்ளிப் போனால் நாகூர் ஹனிபா. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் என்று கரையோரம் முழுக்க அந்தக் கம்பீரக் குரல்தான்!

இந்தக் குரல்களில் பெரும்பாலானவை ஒரே கம்பெனியின் வாசல் வழியாக வந்தவை என்றால் நம்புவீர்களா? கிராமபோன் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்கும் நாய்க்குட்டி படம் போட்ட எச்.எம்.வி.தான் அது! நம் ஊர்க் குழாயில் தொடங்கி அந்த நாய்க்குட்டி வீட்டுச் சமையலறை வரை போய்ப் பார்த்துவிடலாம், வாங்க.

அரக்கில் விளைந்த பாட்டு

1902-ல், பின்னாளில் எச்.எம்.வி. முத்திரை போட்ட லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக, பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. பெரிய கூம்பு ஒன்று சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வில் ஓர் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே போகும். தப்பு வந்தால் அழிக்க வழியில்லை. அடுத்த மெழுகை எடுத்துவைத்து முதலிலிருந்து பாட வேண்டியதுதான்!

அந்த முதல் வரிசையில் பாடியவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைக் கணீரென்று சொல்வார். மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் இசைத்தட்டாகத் திரும்பும். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் அந்த அறிவிப்பு. இன்றைக்கும் அந்தத் தட்டைப் போட்டால் கௌஹர் ஜான் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறார். சிலிர்க்காமல் எப்படி இருக்கும்!

1908-ல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலேயே தொழிற்சாலை வந்தது. 1928-ல் அது டம்டம்முக்கு மாறியது. உள்ளே நடந்ததைக் கேளுங்கள். மெழுகுத் தட்டுக்கு உலோக முலாம் ஏற்றி அச்சு எடுப்பார்கள். நம் நாட்டுக் காடுகளில் பூச்சி சுரக்கும் அரக்கு, கல் தூள், கரி எல்லாவற்றையும் சூட்டில் பிசைவார்கள். சப்பாத்தி உருண்டை மாதிரி அதை எடுத்து இரண்டு அச்சுக்கும் நடுவில் வைத்து ஒரே அழுத்து. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பாடும் கறுப்புத் தட்டு தயார்! நிமிடத்துக்கு 78 சுற்று. கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கிவிடும் என்பதால் வீட்டில் குழந்தைகளுக்கு அந்தப் பக்கமே போக அனுமதி கிடையாது.

மூன்று நிமிடத்துக்குள் ஒரு வித்வத்

கச்சேரியில் ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் பாடுகிறவரை உட்காரவைத்து, மூன்று நிமிடத்தில் முடித்துக்கொடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? செய்து காட்டினார்கள்! கோயம்புத்தூர் தாயியின் குரல் தட்டேறிக் கடல் கடந்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாழை மயக்கி, அவருடைய இசையிலேயே புகுந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த ஒரு பத்து வயதுச் சிறுமி 1926-ல் எச்.எம்.வி.க்குப் பாடினாள். பின்னாளில் உலகம் எம்.எஸ். சுப்புலட்சுமி என்று கொண்டாடிய குரல் அது.

நம் பக்கத்துக்காரர்களையும் விட்டுவிட முடியாது. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கி, மெட்ராசில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற கடையைக் கூட்டாளிகளோடு தொடங்கினார். விற்றால் மட்டும் போதுமா என்று ஜெர்மனியின் ஓடியன் முத்திரையில் சொந்தமாகவே தட்டு வெளியிட்டார். பாட்டு விற்ற அந்தக் கையில்தான் பிறகு ஏவி.எம். ஸ்டுடியோ பிறந்தது! நம் மாவட்டத்துப் பி.யு. சின்னப்பா, அதாவது புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா, மேடையிலும் திரையிலும் பாடிய காலத்தில், பட்டணம் போக முடியாத ரசிகனுக்கு அந்தக் குரலைக் கொண்டுவந்து கொடுத்தது இசைத்தட்டுதான்.

நாலு பெயர், ஒரே வீடு

பழைய தட்டுகளைப் புரட்டினால் ஒன்றில் எச்.எம்.வி., ஒன்றில் கொலம்பியா, ஒன்றில் ஓடியன், இன்னொன்றில் ஏஞ்சல் என்று இருக்கும். நாலும் போட்டிக் கம்பெனிகள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1931-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆகிவிட்டன. அதன் பிறகு இந்த நாலு முத்திரைகளும் இந்தியாவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்! எம்.ஜி.ஆர். படப் பாட்டு ஒரு முத்திரையில், சிவாஜி படப் பாட்டு வேறு முத்திரையில் வந்திருக்கலாம். அச்சடித்தது அதே டம்டம் ஆலை.

இன்னொரு ரகசியம்! லண்டன் ஈ.எம்.ஐ.யின் செல்லப் பிள்ளைகளான பீட்டில்ஸ் பாட்டுகளும் அந்த டம்டம் ஆலையில் 78 சுற்றுத் தட்டாக அச்சாகின. மேற்கு நாடுகள் அந்த வகைத் தட்டை மூட்டை கட்டிய பிறகும், சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் நம் ஊர்களில் நிறைய இருந்ததால் இங்கே அது 1960-களிலும் தொடர்ந்தது. உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளை இன்று தேடி அலைகிறார்கள்!

பழனி, திருப்பரங்குன்றம், ஒரு தபால் கார்டு

இப்போது நம் மைக் செட் பாட்டுக்கு வருவோம். இங்கேதான் உள்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன.

'உள்ளம் உருகுதய்யா' எழுதியவர் ஆண்டவன் பிச்சி. மரகதம் என்ற இயற்பெயர் கொண்ட பெண்மணி! பழனியில் தங்கியிருந்த டி.எம்.எஸ்., அந்தப் பாட்டை விடுதியில் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் சிறுவன் பாடக் கேட்டு உருகிப்போனார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. 'கற்பனை என்றாலும்' பாட்டோ, சினிமா வாய்ப்புக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் இருந்த வாலி, தபால் கார்டில் எழுதி டி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்பியது என்பார்கள். ஒரு கார்டு எத்தனை தைப்பூசங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது!

'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாட்டை எல்லாரும் 'கந்தன் கருணை' படப் பாட்டு என்றே நினைக்கிறோம். அது முதலில் தனித் தட்டாக வந்த பக்திப் பாட்டு. எழுதியவர் பூவை செங்குட்டுவன், இசை குன்னக்குடி வைத்தியநாதன். இயக்குநர் ஏ.பி. நாகராஜனுக்கு அது பிடித்துப்போக, கே.வி. மகாதேவன் இசையமைத்த 1967-ம் ஆண்டுப் படத்துக்குள் குன்னக்குடியின் பாட்டு உட்கார்ந்துகொண்டது. படத்தில் பாடியவர்கள் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி. சுசீலாவும். தட்டிலிருந்து திரைக்குப் போன பாட்டு!

பிள்ளையார் பாட்டுகளும் அம்மன் பாட்டுகளும் கேட்கும்போது உளுந்தூர்பேட்டை சண்முகம் என்ற பெயரையும் நினைக்க வேண்டும். சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' அவர் எழுதியது. தெருத்தெருவாகப் பாடப்படும் வரிகளுக்குச் சொந்தக்காரர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாரியம்மனை அழைக்கும் எல்.ஆர். ஈஸ்வரி? லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கத்தோலிக்கப் பெயரோடு பிறந்தவர்! ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடமெல்லாம் அவர் குரல் இல்லாமல் அம்மன் இறங்கிவருவதில்லை. இந்த ஒன்று போதாதா, நம் மைக் செட் என்ன சாதித்தது என்று சொல்ல?

கடலோரத்தின் சொந்தக் குரல்

நாகூர் இ.எம். ஹனிபாவுக்கு ஒலிபெருக்கி ஒரு சம்பிரதாயம் மட்டுமே. அந்தத் தொண்டைக்கு எட்டுக் கட்டை போதாது! 'இறைவனிடம் கையேந்துங்கள்' அவர் பாட, எழுதியவர் ஆர். அப்துல் சலாம். நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் பக்கம் கேட்கும் அதே பாட்டை, இந்துக் கல்யாண வீட்டிலும் "அண்ணே, அந்த ஹனிபா பாட்டைப் போடுங்க" என்று கேட்டுப் போடவைக்கிற கரை இது.

அவர் தி.மு.க. மேடைகளின் குரலும்கூட. அண்ணாவைப் பற்றிய 'அழைக்கின்றார் அண்ணா' பாட்டைப் பதிவு செய்ய எச்.எம்.வி. முதலில் தயங்கியது என்றும், அதைப் பதிவு செய்யாவிட்டால் வேறு பாட்டும் பாட மாட்டேன் என்று ஹனிபா உறுதியாக நின்றார் என்றும், வெளிவந்தபோது தட்டு விற்றுத் தீர்ந்தது என்றும் அவரைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வார்கள். ஒரு பாடகர் கம்பெனியின் வாசலில் நின்று தன் பாட்டுக்காக வாதாடியது எவ்வளவு பெரிய விஷயம்! 2015-ல் அவர் மறைந்தார். குரலுக்கு இன்னும் ஓய்வில்லை.

20 நிமிடத்தின் மகிமை

கந்த சஷ்டி கவசமும் வேங்கடேச சுப்ரபாதமும் வீட்டுக்கு வீடு விடிகாலையில் ஒலிக்கக் காரணம் பக்தி மட்டுமல்ல, தட்டின் அளவும்தான்! மூன்று நிமிடத் தட்டில் கவசத்தை எப்படி அடக்குவது? அமெரிக்காவில் 1948-ல் வந்த எல்.பி. தட்டு, நிமிடத்துக்கு 33 சொச்சம் சுற்று சுற்றி, ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்கு மேல் பாடியது. அது நம் ஊருக்கு வந்ததும் வழி திறந்தது. எம்.எஸ். பாடிய சுப்ரபாதத்தை எச்.எம்.வி. 1963-ல் வெளியிட்டது, அதில் வந்த உரிமைத் தொகையை எம்.எஸ். திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே கொடுத்துவிட்டார். தேவராய சுவாமிகளின் கவசத்தைத் தஞ்சைப் பக்கத்துச் சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாட, தமிழ்நாட்டுக்கே அந்த மெட்டுதான் கவசத்தின் மெட்டு என்றாகிவிட்டது.

கொழும்பு வழியாக வந்த பாட்டு

கட்டுமாவடிக்காரர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. முன்னால் பாக் நீரிணை, அக்கரையில் இலங்கை! 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்தபோது, தமிழ்நாடே கொழும்பு வானொலிக்குத் திரும்பியது. விவித் பாரதி வந்தது 1957-ல்தான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களே நட்சத்திரமாக ஜொலித்த நிலையம் அது. கல்கத்தாவில் அச்சான தட்டு கொழும்புக்குக் கப்பலேறி, அங்கிருந்து காற்றிலேறி நம் கரைக்குத் திரும்பி வந்தது. என்ன ஒரு பயணம்!

நாய்க்குட்டி இப்போது எங்கே?

கேசட் காலம் வந்தபோது கம்பெனி தடுமாறியது. எக்கோ, இன்ரெகோ, சங்கீதா என்று புதுப் பெயர்கள் தமிழில் கொடி கட்டின. இளையராஜா பாட்டும் எக்கோ தட்டும் கேசட்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும் ஒரு தலைமுறை உண்டு. 1980-களின் நடுவில் கிராமபோன் கம்பெனியை ஆர்.பி.ஜி. குழுமம் வாங்கியது. 2000-ல் பெயர் சரிகம ஆயிற்று. 2017-ல் 5,000 பாட்டுகளை உள்ளே வைத்து 'கார்வான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊரிலுள்ள அம்மா அப்பாவுக்கு வாங்கிக்கொடுக்கும் அந்தப் பெட்டியில் பாடுவது, டம்டம் ஆலையில் அச்சான அதே குரல்கள்தான்.

கம்பெனி பிழைத்துக்கொண்டது, பெரிய பாடகர்களின் பெயரும் பிழைத்துக்கொண்டது. எழுதியவர்களும் வாசித்தவர்களும்தான் மறைந்துபோகிறார்கள். 1949-ல் வந்த 'மஹல்' இந்திப் படப் பாட்டுத் தட்டில் லதா மங்கேஷ்கர் பெயரே இல்லை, கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் அச்சிட்டிருந்தார்கள்! லதாவுக்கே அந்த நிலை என்றால், நம் பக்திப் பாட்டுக்கு வயலின் இழுத்தவரையும் தவில் தட்டியவரையும் கேட்க வேண்டுமா? செல்போனில் பாட்டு ஓடும்போது கவிஞர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய தட்டின் லேபிளிலும் உறையிலும் அது அச்சாகியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். கட்டுமாவடி, மணமேல்குடி, அறந்தாங்கிப் பக்கம் பழைய மைக் செட் வைத்திருந்த வீடுகளின் பரணில் தட்டுகள் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். 78 சுற்றுத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். லேபிளைப் படம் எடுத்து, அதில் உள்ள பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாதுகாக்க வசதியில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த அந்த நூலகம் இசைத்தட்டுகளையும் காப்பாற்றி வருகிறது. அடுத்த திருவிழாவில் மைக் செட் அண்ணனிடம் பாட்டு கேட்கும்போது, பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்!