கங்கு எடுத்துக் கொடுக்கும் அடுப்பு
எப்படி இயங்குகிறது? – கபடி அணியின் ரெய்டர் வரிசை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் மானாவாரிக் காடு. தரிசாகக் கிடக்கும் இடமெல்லாம் சீமைக்கருவேலம். கோயில் பொங்கல் வந்தால் அந்த விறகுதான் கோட்டை அடுப்புக்கு வந்து சேரும். அன்னதானம் முடிந்த ராத்திரி, பக்கத்துப் பொட்டலில் மின்னொளிக் கபடி. சமையலும் கபடியும் நடக்கிற விதம் ஒன்றுதான்: இரண்டிலும் தீ அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எங்க காலேஜ் டீம்ல நாலு ரெய்டர்" என்று பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு பாதிதான் சரி. முதல் ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்த பிறகு, மற்ற மூவரும் அவரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் அணியின் ஆழம் தெரியும். ஏன் என்று அடுப்படியிலிருந்தே பார்ப்போம்.

1. மூன்று அடுப்பு

ஊருக்கே சமைக்கிற மாஸ்டர் ஒரே அடுப்பை நம்ப மாட்டார். முதல் அடுப்பில் சோற்று உலை. தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டும். இரண்டாவதில் சாம்பார், நிதானமாக எரிந்தால் போதும். மூன்றாவதில் கூட்டோ பொரியலோ. தேவைப்படும்போது மட்டும் விறகைத் தள்ளுவார்கள்.

கபடிக் களத்தில் ஏழு பேர். பெரும்பாலும் மூன்று ரெய்டர்கள், பிடிக்க நான்கு பேர்: இரண்டு கார்னர், இரண்டு கவர். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஆக, ஓர் அணிக்கு ஏறக்குறைய 40 ரெய்டு கிடைக்கும். அதில் பாதியை முதல் ரெய்டர் ஒருவரே போய்வருவதும் உண்டு. சோற்று உலை அவர்தான். அவர் பிடிபட்டால்?

2. அணைந்த அடுப்பும் கங்கும்

பெரிய அடுப்பு அணைந்துவிட்டால் மாஸ்டர் தீப்பெட்டியைத் தேட மாட்டார். பக்கத்து அடுப்பிலிருந்து ரெண்டு கங்கை அள்ளிப் போடுவார். விறகு மறுபடி பற்றிக்கொள்ளும். பக்கத்து அடுப்பும் அணைந்திருந்தால்தான் வினை.

கபடியில் அவுட்டானவர் உள்ளே வர, அவருடைய அணி எதிராளி ஒருவரை அவுட்டாக்க வேண்டும். இரண்டாவது ரெய்டர் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் சரி, கார்னர்காரர் எதிரணி ரெய்டரை மடக்கிப் பிடித்தாலும் சரி, வெளியே இருப்பவர்களில் ஒருவருக்கு உயிர் கிடைக்கும்.

அதிலும் வரிசை உண்டு. முதலில் அவுட்டானவர்தான் முதலில் உள்ளே வருவார். முதல் ரெய்டருக்கு முன்பே ஒரு கவர் ஆட்டக்காரர் வெளியே போயிருந்தால், ரெய்டரை மீட்க இரண்டு பேரை அவுட்டாக்க வேண்டும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். நம் ரெய்டு 30 விநாடி, அவர்கள் ரெய்டு 30 விநாடி. இரண்டாவது ரெய்டர் யாரையும் தொடாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும், இடையில் நம் ஆட்கள் எதிரணி ரெய்டரைப் பிடிக்காவிட்டால், முதல் ரெய்டர் இன்னும் ஒரு நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான்.

மாற்று ஆட்டக்காரர் எதற்கு என்று கேட்கலாம். கபடியில் களத்தில் நிற்பவருக்குப் பதிலாகத்தான் ஆள் மாற்ற முடியும்; அவுட்டானவருக்குப் பதிலாக யாரையும் இறக்க முடியாது. தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை, கங்குதான் வழி.

3. ஊறுகாய்

எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து கால் வைத்தால் ஒரு புள்ளி. அது ஊறுகாய் மாதிரி. இலையில் ஓர் இடம் நிறையும். அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனஸ் புள்ளியால் வெளியே இருக்கும் யாருக்கும் உயிர் வராது.

அதனால்தான், பத்துப் புள்ளியும் போனஸாகவே எடுத்த ரெய்டரும், பத்துப் பேரைத் தொட்டுவந்த ரெய்டரும் ஸ்கோர் போர்டில் ஒன்றாகத் தெரிந்தாலும் அணிக்கு ஒன்றல்ல. இரண்டாமவர் பத்து முறை கங்கு எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

4. எந்த விறகைத் தள்ளுவது?

ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால், மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காமல் திரும்பினால் போனவர் அவுட். எதிரணியும் அதற்காகவே பொறி வைத்துக் காத்திருக்கும்.

இங்கேதான் மூன்றாவது ரெய்டருக்கு வேலை. முதல் ரெய்டரை அனுப்பிப் பிடிகொடுத்தால் பெரிய அடுப்பு அணையும். மூன்றாமவரை அனுப்பினால், அவர் பிடிபட்டாலும் பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். புள்ளியோடு வந்தால் இரட்டை லாபம். இவர் பெயர் போஸ்டரில் வராது. ஆனால் முதல் ரெய்டர் எத்தனை நிமிடம் களத்தில் நிற்கிறார் என்பதில் இவருக்கும் பங்கு உண்டு.

எல்லா அடுப்பும் அணைந்து, ஏழு பேரும் அவுட்டானால் ஏழு பேருமே மறுபடி இறங்கலாம். ஆனால் அதற்கு விலை, எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி.

5. பெரிய அடுப்பு இல்லாத வருடம்

2022 புரோ கபடி லீக் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி, ரெய்டர் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. அக்டோபர் 8 அன்று குஜராத் ஜெயன்ட்ஸுடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் திரும்ப இறங்கவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

பந்தி முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்யா பவார் பக்கத்து அடுப்பாக எரிந்தார். பிடிக்கிறவர்களும் கங்கு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முந்தைய நான்கு சீசன்களில் பிளே-ஆஃப் பக்கமே போகாத அணி அந்த வருடம் அரையிறுதி வரை வந்தது. புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

6. கல்லூரி அணிக்கு

கல்லூரி அணியில் காயம் படாவிட்டாலும் பெரிய அடுப்பு அணையும். பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று வருடம். அது முடிந்ததும் அவர் போய்விடுவார். ஆகவே முதல் வருடப் பையனை டூ ஆர் டை ரெய்டுக்கு அனுப்பிப் பழக்குவதுதான் அடுத்த வருடத்துக்கான விறகு சேர்ப்பு. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் அனுப்ப வேண்டும். தோற்கும்போது அனுப்பினால் அவன் பயந்துவிடுவான்.

பயிற்சியாளர் நோட்டில் ஒவ்வொரு ரெய்டர் பெயருக்கு எதிரிலும் எத்தனை புள்ளி என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கட்டம் போடட்டும்: எத்தனை பேருக்கு உயிர் கொடுத்தான்? இரண்டு மாத ஆட்டங்களுக்கு அதை நிரப்பிப் பார்த்தால், அணியின் இரண்டாவது ரெய்டர் யாராக இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பல நேரம் அது நாம் நினைத்த பையனாக இருக்காது.