உங்களுக்குத் தெரியுமா? பீர் காய்ச்ச ஒரு வெந்நீர்த் தொட்டி

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் பலர் அதற்கான வெந்நீர்த் தொட்டியையும் தாமே செய்துகொள்கிறார்கள். ஏறக்குறைய 58 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பீப்பாயின் மேற்பக்கத்தை வட்டமாக அறுத்தெடுத்து, அடிப்பக்கம் துளையிட்டு, கெய்சரில் இருப்பது போன்ற ஹீட்டர் காயிலைப் பொருத்துவது பழக்கமான முறை.

40 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 76 டிகிரிக்குக் கொண்டுவர 1,500 வாட் காயிலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 5,500 வாட் காயிலுக்கு அரை மணி போதும். ஆனால் அந்நாட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக் இதைத் தாங்காது. 240 வோல்ட், 30 ஆம்பியரில் தனி லைன் இழுக்க வேண்டும். ஈரக்கையோடு செய்யும் வேலை என்பதால் எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். தண்ணீர் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும்.

அது ஏன் 76 டிகிரி? ஊறிய மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லியில்) ஒட்டியிருக்கும் சர்க்கரையை அலசி எடுக்க அந்தச் சூடு போதும். மிகவும் கூடினால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். தொட்டியில் மேல்தண்ணீர் சூடாக இருக்க, அடித்தண்ணீர் ஆறியிருப்பதும் உண்டு. எனவே சிறு பம்பு தண்ணீரைச் சுற்றவிட, வெளிவரும் குழாயில் உள்ள சென்சாரைப் பார்த்து கண்ட்ரோலர் காயிலை நிறுத்தி நிறுத்தி இயக்குகிறது.