புலி வருது கதை ஏன் பலிக்கவில்லை?

பொம்மைக்கு முதுகைக் காட்டி ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பின்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் வைத்து, அது என்ன பொம்மை என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவே, “ஒரு புத்தகம் எடுத்துவருகிறேன், அதுவரை திரும்பிப் பார்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போகிறார். அறையில் ஒரு கேமரா ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். அந்த வயதில் ஆவலை அடக்குவது லேசான காரியமா?

ஆய்வாளர் வந்ததும் பொம்மையை மூடிவைத்துவிட்டு ஒரு கதையை வாசிக்கிறார். முடித்த பிறகுதான் கேட்கிறார்: “நான் இல்லாதபோது திரும்பிப் பார்த்தாயா?”

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ, மெக்கில் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா தல்வார் உள்ளிட்டோர் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய இந்த ஆய்வு 2014இல் வெளியானது. சில குழந்தைகள் பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்டார்கள். சிலர் ஓநாய் வருகிறது என்று ஊரை ஏமாற்றிய இடையன் கதையைக் கேட்டார்கள். நம் பாட்டிமார் சொன்ன ‘புலி வருது’ கதைதான் அது. இன்னும் சிலருக்கு, சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அதை ஒப்புக்கொண்ட கதை. பொய்யோடு சம்பந்தமே இல்லாத முயல் ஆமைக் கதையைக் கேட்டவர்களும் உண்டு.

மூக்கு நீண்ட கதையும் ஓநாய் வந்த கதையும், முயல் ஆமைக் கதையைவிட அதிகமாக எதையும் சாதிக்கவில்லை. செர்ரி மரக் கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாக உண்மையைச் சொன்னார்கள். அந்தக் கதையில் அப்பா மகனை அடிக்கவில்லை. மரத்தைவிட அவன் சொன்ன உண்மை பெரிது என்று மகிழ்ந்துபோகிறார். கதையின் முடிவைக் கெட்ட விளைவாக மாற்றி வாசித்தபோது அந்தப் பலன் காணாமல் போனது.

வாஷிங்டன் வாழ்வில் இப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. மேசன் வீம்ஸ் என்பவர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கதை இது. ஆனால் குழந்தை வரலாற்றைத் தேடவில்லை. ‘சொன்னால் எனக்கு என்ன ஆகும்?’ என்பதைத்தான் தேடுகிறது. புலி வந்த கதையில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. ஏற்கெனவே தப்பு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பயத்தைத் தரும். திரும்பி வர வழி காட்டாது.

எந்தக் கதை என்பதைப் போலவே எப்படி வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 2 வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தார்கள். தாங்களே வாசித்துக்கொண்டு போகாமல் “இங்கே என்ன நடக்குது?” என்று கேட்க வேண்டும், குழந்தை சொல்வதை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளிலும் அதே அளவுக்கு வாசிப்பு நடந்தது. ஒரே மாதத்தில், பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் 6 மாதமும் அதற்கு மேலும் முந்தியிருந்தார்கள்.

இந்த முறையில் தவறான பதில் வீணாவதில்லை. எருமைப் படத்தைத் தொட்டுப் பிள்ளை “மாடு” என்கிறது. “ஆமா, மாடு மாதிரியேதான் இருக்கு. இது எருமை. கொம்பு எப்படி வளைஞ்சிருக்கு பாரு!” பிள்ளை அடுத்த பக்கத்தில் தானாகவே கொம்பைத் தேடும். தப்பைச் சுட்டாமலே திருத்தம் நடந்துவிடுகிறது. மடியில் உட்கார்ந்து செய்யும் தவறுக்கு மதிப்பெண் குறைவதில்லை, யாரும் சிரிப்பதுமில்லை.

இன்றிரவு வாசிக்கும் புத்தகத்தில் பாலைக் கொட்டிவிட்ட சிறுமி ஒருத்தி வரலாம். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, “இவ இப்போ அம்மாகிட்ட என்ன சொல்லுவா?” என்று கேட்டுப் பாருங்கள். “சொல்ல மாட்டா” என்று பதில் வந்தால், ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். “அம்மா அடிப்பாங்க” என்று பிள்ளை சொன்னால், பக்கத்தைப் புரட்டாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள்.